பாலம் தாண்டிப் போகும் பாட்டிமார்

பள்ளி விடுமுறை நாட்களில் ஜொகூர் பாரு லார்க்கின் பேருந்து நிலையத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். குளுவாங், சிகாமட், லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த பாட்டிமார் மடியில் துணிப்பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பைக்குள் என்ன இருக்கும் என்று கேட்கவே வேண்டாம். முறுக்கு, அதிரசம், வீட்டில் இடித்த மிளகாய்த்தூள், பேத்திக்கு ஒரு பாவாடை. பாவாடை போன தீபாவளிக்குத் தைத்ததாக இருக்கும். பேத்தி அதற்குள் இரண்டு அங்குலம் வளர்ந்திருப்பாள்.

வாசகத் தாய்மார்களே, நம் தோட்டங்களில் மகனோ மகளோ சிங்கப்பூரில் இல்லாத குடும்பம் இன்று குறைவு. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட் அளவில் கிடைக்கும்போது, இளவட்டங்கள் பாலத்தைத் தாண்டுவதில் வியப்பில்லை. அவர்கள் அங்கேயே திருமணம் முடித்து, அடுக்குமாடி வீட்டில் குடியேறி, பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். பிள்ளைக்குச் சிங்கப்பூர் சொந்த ஊர், பாட்டிக்கு அது வெளிநாடு. நடுவே கிடப்பது ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான ஒரு பாலந்தான்.

அந்தப் பாலம் 1924-இல் திறக்கப்பட்டது. நம் பாட்டிமாரின் தாய்மார் காலத்தில் அது வெறும் சாலை. காலையில் புறப்பட்டுத் தேக்காவில் சேலை எடுத்துக்கொண்டு மாலையில் லயத்துக்குத் திரும்பியவர்கள் உண்டு. 1965 ஆகஸ்ட் 9-ஆம் நாள் சிங்கப்பூர் தனி நாடானது. 1967 முதல் பாலத்தில் கடப்பிதழ் சோதனை வந்தது. அண்ணன் தோட்டத்திலும் தங்கை சிங்கப்பூரிலுமாக இருந்த குடும்பங்கள் அன்றுதான் தாங்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் என்பதைக் கண்கூடாகக் கண்டன. இருந்தாலும் பழகிப்போயிற்று. வரிசையில் நிற்போம், முத்திரை குத்துவார்கள், போவோம். அவ்வளவுதான் என்று இருந்தோம்.

2020 மார்ச் 18-ஆம் நாள் வந்தது பாருங்கள், அதைத்தான் மறக்க முடியவில்லை. கோவிட் நோய்க்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, பாலம் அடைபட்டது. நாள்தோறும் மூன்று லட்சம் பேருக்கு மேல் போய்வந்த பாலம் வெறிச்சோடிக் கிடந்தது. இரண்டு வாரம் என்றார்கள். இரண்டு வாரம் இரண்டு மாதமாயிற்று. அப்புறம் யாரும் கணக்குச் சொல்வதை விட்டுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் சிங்கப்பூரில் பிறந்த பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். மகளுக்குப் பிள்ளைப்பேறு என்றால் தாய் பக்கத்தில் இருப்பது நம் வழக்கம். பத்தியச் சாப்பாடு, காயம், வேது தண்ணீர், தொட்டில் கட்டுவது என்று எல்லாவற்றையும் தாய்தான் பார்ப்பாள். அந்த மகள்கள் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுத்தான் காயம் கிண்டினார்கள். பாட்டி இந்தப் பக்கம் கண்ணாடிச் சில்லுக்குள் ஒரு முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் சிரிக்கக் கற்றது, உட்காரக் கற்றது, நடக்கக் கற்றது. எல்லாம் படமாகத்தான். தூக்கிப் பார்க்காத பிள்ளையின் கனம் பாட்டிக்கு எப்படித் தெரியும்?

2021 நவம்பர் 29-ஆம் நாள், தடுப்பூசி போட்டவர்களுக்கென்று குறிப்பிட்ட பேருந்துகள் விடப்பட்டன. முதற்கட்டத்தில் அதிலும் குடியுரிமை, நிரந்தரவாசம், நீண்டகால அனுமதி உள்ளவர்களுக்குத்தான் இடம். சும்மா பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறேன் என்ற பாட்டிக்கு அப்போதும் வழியில்லை. 2022 ஏப்ரல் 1-ஆம் நாள் நள்ளிரவில்தான் பாலம் முழுதாகத் திறந்தது. இரண்டு ஆண்டும் இரண்டு வாரமும் கழித்து. அன்று சந்தித்தவர்களில் எத்தனை பிள்ளைகள் பாட்டியைக் கண்டு அழுதிருக்கும்! அழத்தானே செய்யும்? கைக்கு அடங்குகிற அளவில் தெரிந்த பாட்டி திடீரென்று ஆளுயரத்தில், வெற்றிலை வாசனையோடு வந்து நின்றால் எந்தப் பிள்ளைதான் மிரளாது?

அந்தப் பிள்ளைகள் மெல்லப் பாட்டியிடம் ஒட்டிக்கொண்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், போக முடிகிற காலத்தில் போய்வந்துவிடுங்கள். அடுத்த தீபாவளிக்கு, அதற்கடுத்த பொங்கலுக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

போவதற்கு முதலில் வேண்டியது கடப்பிதழ். இங்கேதான் பல வீடுகளில் பெருமூச்சு. சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளும் பாட்டிமார் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். இந்த மண்ணில் ஆயுள் முழுக்கப் பால் வெட்டியவர்கள், பிறப்புப் பத்திரம் எடுக்காத ஒரே காரணத்தால் குடியுரிமை இல்லாமல் நிற்கிறார்கள். குடியுரிமை இல்லாதவருக்கு மலேசியக் கடப்பிதழ் இல்லை. பாலத்தின் இந்தக் கரை வரை வந்து திரும்ப வேண்டியதுதான். மனுச் செய்தால் மலாய்மொழி அறிவைச் சோதிக்கிறார்கள். நிரையிலும் ஸ்டோரிலும் தமிழ் மட்டுமே பேசி வாழ்ந்தவளுக்கு அறுபது வயதுக்குமேல் அது எளிதன்று. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், படித்த பேரப்பிள்ளைகள் அவர் பழைய காகிதங்களைத் தேடி எடுத்து, பதிவு இலாகாவுக்குக் கூடவே நடந்து முடித்துக் கொடுக்க வேண்டும். பாட்டி தனியாகப் போனால் ஒரு முகப்பிலிருந்து இன்னொரு முகப்புக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

கடப்பிதழ் உள்ளவர்களுக்கு மற்றவை சுலபம். மலேசியர்களுக்கு விசா வேண்டாம். போவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையைக் கைத்தொலைபேசி வழியாக நிரப்பிவிட வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்பவன் ஏமாற்றுக்காரன். முன்பெல்லாம் கட்டைவிரலை வைக்கச் சொல்வார்கள். ஆண்டுக்கணக்கில் உளி பிடித்துத் தேய்ந்துபோன விரலை இயந்திரம் எங்கே கண்டுபிடிக்கும்? இப்போது கண்ணையும் முகத்தையும் பார்த்தே அடையாளம் காண்கிறார்கள். அந்தமட்டில் நல்லது.

இன்னொன்று முக்கியம். வெற்றிலைப்பெட்டியில் புகையிலை இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படுங்கள். மெல்லும் புகையிலையைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. பேரனுக்கென்று சூயிங்கம் வாங்கிப் போவதும் ஆகாது, 1992 முதல் அதற்கும் தடை. மருந்து மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோங்கள். வெளிநாட்டவருக்கு அங்கே வைத்தியச் செலவு கொஞ்சநஞ்சமல்ல. பேருந்தில் போனால் இரண்டு பக்கச் சோதனையிலும் மூட்டையோடு இறங்கி ஏற வேண்டும். பை சிறியதாக இருக்கட்டும். புக்கிட் சாகாரிலிருந்து பாலத்தைத் தாண்டி ஓடப்போகும் புதிய ரயிலுக்கு 2026 இறுதி என்று நாள் குறித்தார்கள். அது ஓடினால் முழங்கால் வலிக்காரர்களுக்குப் புண்ணியம்.

சரி, போய்ச் சேர்ந்தாயிற்று. அங்கே பாட்டிக்கு என்ன வேலை?

நம் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது நினைவிருக்கிறதா? விடியுமுன் தாய்மார் பிள்ளையைத் தூக்கத்தோடு கொண்டுவந்து ஏணையில் போட்டுவிட்டு நிரைக்கு ஓடுவார்கள். வயதான ஒரு அம்மாள் இருபது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்குவாள். சிங்கப்பூரில் அதே வேலைக்குக் குளிரூட்டிய அறையும் பயிற்சி பெற்ற ஆசிரியைகளும் இருக்கிறார்கள், இரண்டு மாதக் குழந்தையையே சேர்க்கலாம். அந்த அரசுக்கும் பாட்டியின் அருமை தெரியாமல் இல்லை. சிங்கப்பூரிலேயே வசிக்கும் தாத்தாவோ பாட்டியோ 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைக் கவனித்துக்கொண்டால், வேலைக்குப் போகும் தாய்க்கு வரிக்குரிய வருமானத்தில் 3,000 வெள்ளி கழித்துக்கொள்கிறார்கள். பாலம் தாண்டி வரும் நம் பாட்டிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

மகன்களுக்கும் மருமகள்களுக்கும் ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வாரம் பார்த்துப்போக வந்தவளை அடுப்படியில் நிறுத்திவிட்டு, "அம்மா இருக்கிறார்கள், பணிப்பெண்ணுக்கு விடுப்பு" என்பது நியாயமா? அவள் சமைப்பாள், தானாகவே சமைப்பாள். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு அழைக்காதீர்கள்.

பேச்சுக்கு வருவோம். பாட்டியின் உண்மையான கவலை இதுதான். பேரன் ஓடி வருகிறான், கட்டிக்கொள்கிறான், பேசத் தொடங்கினால் ஆங்கிலம். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. பள்ளியில் தாய்மொழிப் பாடம் உண்டு, வானொலி உண்டு, தொலைக்காட்சி உண்டு, 1935 முதல் தமிழ் முரசு நாளிதழ் உண்டு. ஆனால் 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பைப் பாருங்கள். ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு 2.5 பேர்தான். ஆங்கிலம் பேசுவோர் 2010-இல் 32.3 ஆக இருந்து 48.3 ஆகிவிட்டனர். தமிழ் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, சாப்பாட்டு மேசையில் இல்லை.

இங்கே பாட்டியை விஞ்சிய வாத்தியார் கிடையாது. காரணம் எளியது. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்பது என் யோசனை. "வாட்டர் வேணும்" என்றால், "அது என்னய்யா வாட்டரு?" என்று கேளுங்கள். மூன்றாம் நாள் தண்ணீர் வந்துவிடும். ஒரு வாரத்தில் சண்டையும் தமிழில் வந்துவிடும். சண்டை போடத் தெரிந்துவிட்டால் பிறகு அந்த மொழி மறக்காது. கதை கேட்டால் நரி, காக்கை மட்டும் சொல்லாமல், லயத்து வாழ்க்கையைச் சொல்லுங்கள். பிரட்டுக் களத்துக்குச் சங்கு ஊதியதையும், யானை வந்ததையும், ரப்பர் கொட்டையைத் தரையில் தேய்த்து அடுத்தவன் தொடையில் சூடு வைத்ததையும் சொல்லுங்கள். எந்தத் தொலைக்காட்சியிலும் அவர்களுக்கு அது கிடைக்காது.

வெளியே போவதென்றால் முதலில் தேக்காதான். அங்கே பாட்டிக்குக் கால் தானாக நடக்கும். முருங்கைக்கீரை, வாழைப்பூ, மல்லிகைச் சரம் எல்லாம் சிராங்கூன் சாலையில் உண்டு. அந்த வட்டாரம் ஒரு காலத்தில் மாட்டுப்பட்டிகள் இருந்த இடம். கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டில் என்று நமக்கு மலாய் தெரிந்ததால் உடனே விளங்கும். எருமைச் சாலை என்றே இன்னும் ஒரு தெருவுக்குப் பெயர். அதே பெயர் கொண்ட மருத்துவமனையில் 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன, உலகச் சாதனையாக அது பதிவாயிற்று. சிங்கப்பூரில் பிறந்த உங்கள் பேரனும் அங்கேயே பிறந்தவனாக இருக்கலாம். பொங்கல் சமயத்தில் கேம்பல் லேன் பக்கம் மாடுகளைக் கொண்டுவந்து கட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டுவது உண்டு. பேரப்பிள்ளைகள் பத்தடி தள்ளி நின்று படம் பிடிப்பார்கள். பாட்டி போய் மாட்டின் கழுத்தைச் சொறிந்துவிடுவாள். அன்றைக்கு அவளுக்குக் கிடைக்கும் மரியாதையே தனி.

ஆனால் நான் எல்லாப் பாட்டிமாரையும் போகச் சொல்வது தாவரவியல் தோட்டத்துக்கு. "காட்டிலேயே காலம் கழித்தவளுக்கு மரம் என்ன காட்சி?" என்று கேட்காதீர்கள். நம் தோட்ட வாழ்க்கை முளைவிட்ட இடம் அது.

பிரேசில் நாட்டு ரப்பர் விதைகள் 1876-இல் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கே முளைத்த நாற்றுகளில் 22 மறு ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888-இல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவி, அதே காயத்தை மறுபடி மறுபடி திறந்து பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். பிரேசிலில் கோடரியால் கொத்திக்கொண்டிருந்த காலம் அது. காப்பி பயிரிட்ட துரைமாரிடம் சட்டைப்பையில் விதையை வைத்துக்கொண்டு அலைந்தாராம், பித்தர் என்று சிரித்தார்களாம். 1896-இல் மலாக்காவில் தான் சாய் யான் முதல் ரப்பர் தோட்டம் போட்டார். அதற்குப் பின்னால்தான் கப்பல் கப்பலாக நம் பாட்டன் பூட்டன்மார் வந்தார்கள். ரிட்லி நூறு வயது கடந்து 1956-இல் காலமானார். பால் வெட்டியவர்களில் எத்தனை பேர் அந்த வயதைக் கண்டார்கள் என்பது வேறு கதை.

அந்தத் தோட்டம் 2015-இல் உலக மரபுடைமை இடமாக அறிவிக்கப்பட்டது. உள்ளே போகக் கட்டணமில்லை, ஆர்க்கிட் பகுதிக்கு மட்டுந்தான் உண்டு. ரப்பர் மரமும் இருக்கிறது, அதன் கதையைச் சொல்லும் சிறிய அருங்காட்சியகமும் இருக்கிறது. அங்கே எழுதி வைத்திருப்பதைப் பேத்தி ஆங்கிலத்தில் படிக்கட்டும். அதன்பின், உளியை எந்தச் சாய்வில் பிடிப்பது, ஆழம் போனால் மரம் எப்படிப் புண்படும், மழை பெய்தால் அன்றைய கூலி என்னவாகும், ஒரு நிரைக்கு எத்தனை மரம், தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு எத்தனை மணிக்கு எழுந்தோம் என்பதையெல்லாம் நீங்கள் சொல்லுங்கள். அருங்காட்சியகத்தில் எழுதாததை அவள் உங்களிடம்தான் கேட்க முடியும். கேட்பாள். "பாட்டி, நீங்க பயப்படலையா இருட்டுல?" என்று கேட்பாள்.

தோட்டத்தின் ஒரு பகுதியில் சிறுவர்களுக்கென்றே ஜேக்கப் பாலாஸ் பூங்கா 2007 முதல் இருக்கிறது. அங்கே ஒரு வேடிக்கையான விதி. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஒன்று கூட இருந்தால்தான் பெரியவர்களை உள்ளே விடுவார்கள். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். திங்கட்கிழமையில் மூடியிருக்கும்.