கொதிக்கும் கணினியும் கடல் கடவாத உத்தரவாதமும்

பரீட்சைக் காலத்து நித்திரை பற்றி இக்கிழமை எழுதுவதாக வாசகர்களுக்கு வாக்களித்திருந்தோம். அது அடுத்த ஞாயிறுக்கு ஒத்திவைக்கப்படுகின்றது. ஒரு கணினிக்குக் காய்ச்சல் கண்டு, இரு நாடுகளிலே இருவர் நித்திரையிழந்த கதையை முதலிற் சொல்ல வேண்டியிருக்கின்றது.

எமது தமக்கையாரின் மகன் கோலாலம்பூரிலே கட்டடக்கலை பயில்கின்றான், இஃது இறுதியாண்டு. அவன் புறப்படுமுன், தமக்கையார் தமது காப்புச் சோடியை அடைவு வைத்துக் கொழும்பிலே ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தார். கட்டட உருப்படங்களைக் கணினியிலே தீட்டுவதற்கு வலிமை மிக்க வரைகலைச் செயலி வேண்டும். அத்தகையது 'கேமிங்' மடிக்கணினி என்று கடைக்காரர் கூறும் வகையிலேதான் கிடைக்கும் என்று சிபாரிசு செய்தவர்கள் நாமே. "விளையாட்டுப் பெட்டியோ தம்பி?" என்று தமக்கையார் ஐயுற்றபொழுது, "பெயர்தான் அப்படி அக்கா" என்று விடை பகர்ந்தவர்களும் நாமே.

சென்ற மாதம் ஓரிரவு 11.30 மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. அங்கே அப்பொழுது அதிகாலை 2 மணி.

"மாமா, மெசின் தானாய் நிண்டு போகுது. கீழ்ப்பக்கம் கை வைக்கேலாமல் சுடுகுது. படங்கள் குடுக்க இன்னும் பதினொரு நாள்தான் கிடக்கு. அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ."

எத்தனை நாளாக இப்படி என்று வினவினோம். மூன்று மாதமாம். விசிறி இரைவதும், படம் வரையும்போது வேகம் குன்றுவதும் அவன் அறிந்தனவே. ஏன் சொல்லவில்லை என்று வற்புறுத்திக் கேட்டபின் உண்மை வெளிவந்தது. இரவு தோறும் கட்டிலிலே மெத்தைமேல் கணினியை வைத்து விளையாடியிருக்கின்றான். சொன்னால் அதுவும் வெளிப்படுமே என்று அஞ்சியிருக்கின்றான். கண்டிக்க வேண்டிய இடந்தான். ஆயினும் நள்ளிரவிலே, பதினொரு நாள் தவணையோடு நிற்கும் பிள்ளையைக் கண்டித்து ஆவதென்ன?

எமது இல்லத்தரசியார், அந்நாட்டு மின்சாரம் கூடிய வலுவுடையதாக்கும் என்று ஓர் ஐயம் எழுப்பினார். அது காரணமன்று. இங்கும் அங்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒன்றே. மடிக்கணினியின் மின்னேற்றி 100 முதல் 240 வரை எதனையும் ஏற்கும்.

காரணம் வேறு. இத்தகைய கணினி முழு வலுவோடு இயங்கும்பொழுது, பழைய 100 உவாற்று மின்குமிழ் ஒன்றினதை விஞ்சிய வெப்பத்தை, ஒரு கொப்பித் தடிப்புள்ள பெட்டிக்குள்ளே எழுப்புகின்றது. செயலியின் முதுகிலே மெல்லிய பசை. அதன்மேல் செப்புத் தகடு. அதிலிருந்து செப்புக் குழாய்கள். குழாயினுள்ளே சிறிதளவு நீர் அடைக்கப்பட்டிருக்கும். அது சூடான முனையிலே ஆவியாகி, மறுமுனையிலே குளிர்ந்து மீண்டும் நீராகித் திரும்பும். அம்மறுமுனையிலுள்ள மெல்லிய தகடுகளினூடே விசிறி காற்றை ஊதி வெப்பத்தை வெளியேற்றும். விசிறி காற்றை உறிஞ்சும் வாய் அடிப்பக்கத்திலே இருக்கின்றது. மெத்தையிலே வைத்தால் அவ்வாய் அடைபடும். பஞ்சும் தூசும் உள்ளே ஏறும். பசையோ இரண்டு மூன்று ஆண்டிலே உலரத் தொடங்கும். 95, 100 பாகை செல்சியசை அணுகியதும் செயலி தன்னைக் காக்கத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். அதற்கும் அடங்காவிடில் கணினி நின்றுவிடும். ஆகவே நின்றுபோதல் மரணமன்று, தற்காப்பு. இதனைச் சொன்னவுடனே மருமகனின் குரலிலே சற்று உயிர் வந்தது.

அவ்விரவே சில காரியங்கள் செய்வித்தோம். முதலாவது, படங்கள் அனைத்தையும் வெளித்தட்டொன்றிலே பிரதி செய்தல். கணினி போனாலும் படிப்புப் போகலாகாது. அடுத்து, அதனை மேசையிலேற்றிப் பின்பக்கத்தை இரு புத்தகங்களால் உயர்த்தி, அடிவாய்க்குக் காற்று விடுதல். பின்னர் விண்டோசின் மின்வலு அமைப்பிலே செயலியின் உச்ச அளவை 100 வீதத்திலிருந்து 99 ஆக்குதல். ஒரு வீதந்தானே என எண்ணலாகாது. இது செயலியின் மிகைவேகப் பாய்ச்சலைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். 97 பாகை காட்டிய மானி 86க்கு இறங்கிற்று. வேலை மெதுவாயிற்று, ஆனால் நடந்தது.

நிற்க. மறுநாட் காலை எமது மேசை லாச்சியைக் கிளறி உத்தரவாதச் சீட்டை எடுத்தோம். மூன்றாண்டு உத்தரவாதம்; இன்னும் எட்டு மாதம் எஞ்சியிருந்தது. மகிழ்ந்து வாசித்துக்கொண்டே போனால் அடியிலே ஒரு வரி: இலங்கையிலே மாத்திரம் செல்லுபடியாகும். சில நிறுவனங்கள் சில வகைக் கணினிகளுக்குப் பிறநாட்டிலும் உத்தரவாதம் தருகின்றன, சில தருவதில்லை. ஒரே பெயருடைய கணினிகூட எந்த நாட்டிலே விற்கப்பட்டதோ அதற்கேற்ப வேறுபடும். தொடரிலக்கத்தைக் கொண்டு வாங்குமுன்னரே விசாரித்திருக்கலாம். பிள்ளை வெளிநாடு போகின்றான் என்று தெரிந்தே வாங்கினோம்; பட்டதாரி ஆசிரியராகிய எமக்கு அவ்வொரு வரியை வாசிக்க அன்று நேரமிருக்கவில்லை!

ஊருக்கு வருபவர் எவரிடமேனும் கொடுத்தனுப்பலாமா என்றும் யோசித்தோம். கொண்டுவந்து, திருத்தி, திருப்பியனுப்ப ஒரு மாதம் செல்லும். தவணையோ பத்து நாள்.

விடுதிக்கருகே ஒரு கடைக்கு மருமகன் கணினியைக் கொண்டுபோனான். 'மதர்போட்' எரிந்துவிட்டது, 1,800 ரிங்கிட், ஒரு கிழமைக்கு விட்டுச் செல்க என்றார்களாம். சம்மதிக்கும் தறுவாயிலே எம்மை அழைத்தான்.

"திறந்து பார்த்தவையோ?"

"இல்லை மாமா. தொட்டுப் பார்த்தவை."

எரிந்துபோன பலகை, குளிர்ந்தபின் நாற்பது நிமிடம் ஒழுங்காய் வேலை செய்வதெங்ஙனம்? எடுத்துக்கொண்டு வெளியேறு என்றோம்.

நல்ல திருத்துநரை அந்நிய நகரிலே கண்டுபிடிப்பது எப்படி? விளம்பரத்தைக் காட்டிலும் அங்கே நெடுங்காலம் வாழ்ந்தவரின் வாய்மொழி மேல் என்பது எமது துணிபு. பிரிக்பீல்ட்சிலே யாழ்ப்பாணத்தவர் எழுப்பிய கந்தசுவாமி கோயில் இருக்கின்றது. மலாயா புகையிரதத்திலே எழுதுவினைஞராய்ப் போன நம்மவரின் சந்ததியினர் இன்றும் அங்கே கூடுவர். வெள்ளிக்கிழமை அங்கே போய் விசாரி என்றோம். கணினிக்காகக் கோயிலுக்கோ என்று சிரித்தான், போனான். அங்கே ஒரு முதியவர், தம் பேரன் வழமையாகப் போகும் கடையொன்றைச் சொன்னார். அது புக்கிட் பிந்தாங்கிலே, தளந்தோறும் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசா என்னும் கட்டடத்தில் இருந்தது.

அக்கடைக்காரர் சீனர். அவனைப் பக்கத்திலே இருத்திக்கொண்டே திறந்தார். உள்ளே இப்பசை சாதாரணப் பசையா, திரவ உலோகமா என்று முதலிலே பார்த்தாராம். திரவ உலோகம் மின்னைக் கடத்தும். கவனமின்றித் துடைத்தால் பலகையே கெடும். அதைப் பார்க்கத் தெரிந்தவரென்றதும் எமக்கு நம்பிக்கை பிறந்தது. விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே தூசு, கம்பளித் துண்டுபோல ஒரே படையாய் உரிந்து வந்ததாம். பசை காய்ந்த சுண்ணாம்பாய் உதிர்ந்தது. ஒரு விசிறியின் அச்சுத் தேய்ந்திருந்தது. அதனை மாற்றிப் பழையதை அவன் கையிலேயே கொடுத்தார். ஒன்றரை மணி நேரம், 190 ரிங்கிட். இப்பொழுது கனத்த படம் வரையும்போதும் 80 பாகையைத் தாண்டுவதில்லை.

தவணைக்கு ஒருநாள் முன்னதாகவே படங்கள் ஒப்படைக்கப்பட்டன. தமக்கையார் இப்பத்திரிகையை ஞாயிறு தோறும் தவறாது வாசிப்பவர். ஆகையினால் மெத்தைமேல் விளையாடிய கதையைச் சனி இரவுக்குள் தாயாரிடம் சொல்லிவிடும்படி மருமகனுக்கு அறிவித்திருக்கின்றோம். உத்தரவாதச் சீட்டின் கதையை அவர் இங்கேதான் முதன்முதலாக வாசிக்கின்றார்.