பொங்கலுக்கு மூட்டை கட்டும் நேரத்தில் பஸ் ஸ்டிரைக்: குமணன்சாவடி 2 முறை பட்ட பாடு

பூந்தமல்லி:

பொங்கலுக்கு ஊருக்குப் போக பையை எடுத்து வைத்தாச்சு. பிள்ளைகளுக்கும் லீவு விட்டாச்சு. அந்த நேரம் பார்த்து 'பஸ் ஓடாது' என்று டி.வி.யில் செய்தி ஓடினால் எப்படி இருக்கும்? குமணன்சாவடி மக்களுக்கு இது புதுசு இல்லை. 2018 ஜனவரியில் 8 நாள், 2024 ஜனவரியில் 2 நாள் என பொங்கலை ஒட்டியே 2 முறை அரசு பஸ் ஊழியர்கள் வேலை நிறுத்தத்தில் குதித்தனர்.

2 முறையும் கோர்ட்டு தலையிட்ட பிறகுதான் ஸ்டிரைக் முடிவுக்கு வந்தது. பஸ் ஓடியது. ஆனால் பிரச்சினை தீர்ந்ததா?

பஸ்சை விட்டால் கதி இல்லை

சென்னையில் பஸ் ஸ்டிரைக் என்றால் எல்லா ஏரியாவுக்கும் ஒரே மாதிரி அடி விழுவது இல்லை. தாம்பரம், ஆவடி, அம்பத்தூர் பக்கம் மின்சார ரெயில் இருக்கிறது. கோயம்பேடு, வடபழனியில் 2015-ம் ஆண்டிலேயே மெட்ரோ ரெயில் வந்துவிட்டது.

குமணன்சாவடிக்கு அந்த 2 ஸ்டிரைக்கின்போதும் ரெயிலே கிடையாது. மின்சார ரெயிலைப் பிடிக்க ஒரு பக்கம் ஆவடிக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் போரூர் தாண்டி கிண்டிக்குப் போக வேண்டும். அந்த ரெயில் நிலையத்துக்கு போவதற்கும் பஸ்தான்!

மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் இருந்து மாங்காடு, குன்றத்தூர் பக்கம் போகிறவர்கள் திரும்புவதும் இங்கேதான். இப்படி நாலா பக்கமும் ஆள் வந்து சேரும் இடத்தில் பஸ் நின்றால் மிச்சம் இருப்பது ஷேர் ஆட்டோ, வேன், இல்லாவிட்டால் தெரிந்தவர் பைக்கின் பின் சீட்டு. கூட்டம் ஏற ஏற ஷேர் ஆட்டோ கட்டணமும் ஏறும். 'அவ்ளோ தர முடியாதுப்பா' என்று பேரம் பேசி நிற்பதற்குள் சீட்டும் போய்விடும்.

2018: பாதி வழியில் நின்ற பஸ்

2018 ஜனவரி 4-ந்தேதி வியாழக்கிழமை. அன்றைய போக்குவரத்து துறை அமைச்சர் எம்.ஆர்.விஜயபாஸ்கருடன் தொழிற்சங்கங்கள் நடத்திய பேச்சுவார்த்தை மாலையில் தோல்வி அடைந்தது. உடனே ஸ்டிரைக். வேலை முடிந்து வீட்டுக்கு திரும்பும் நேரத்தில் பல இடங்களில் பஸ்கள் அப்படியே நின்றன. ஜனங்கள் பாதி வழியில் இறங்கி நடக்க வேண்டியதாயிற்று.

சண்டை எதில்? ஊழியர்கள் கேட்டது 2.57 மடங்கு சம்பள உயர்வு. அரசு சொன்னது 2.44 மடங்கு. கேட்க சின்ன வித்தியாசம்தான். ஆனால் 10 ஆயிரம் ரூபாயை 2.57 ஆல் பெருக்கினால் 25 ஆயிரத்து 700. 2.44 ஆல் பெருக்கினால் 24 ஆயிரத்து 400. மாதம் 1,300 ரூபாய் போகிறது. வருஷக்கணக்கில் போட்டுப் பார்த்தால் சும்மா விடக்கூடிய தொகையா?

இது போக, ஓய்வு பெற்றவர்களுக்கு தர வேண்டிய பணம் நிலுவையில் கிடந்தது. சம்பளத்தில் பிடித்தம் செய்த வருங்கால வைப்பு நிதி, கூட்டுறவு சங்க கடன் தவணை போன்றவற்றைக்கூட கட்டாமல் நிர்வாகம் செலவு செய்துவிட்டது என்பது சங்கங்களின் புகார்.

வேலைக்குத் திரும்பும்படி சென்னை ஐகோர்ட்டு மறுநாளே உத்தரவிட்டும் ஸ்டிரைக் நிற்கவில்லை. தற்காலிக டிரைவர்களை வைத்து அரசு பஸ்களை இயக்கியது. அதில் சில பஸ்கள் விபத்தில் சிக்க, 'வந்தாலும் ஏறலாமா, வேண்டாமா' என்ற பயமும் சேர்ந்துகொண்டது. கடைசியில், ஓய்வு பெற்ற நீதிபதி பத்மநாபனை மத்தியஸ்தராக ஐகோர்ட்டு நியமித்தது. 11-ந்தேதி இரவு ஸ்டிரைக் வாபஸ் ஆனது. பொங்கலுக்கு அப்போது 3 நாள்தான் பாக்கி.

2024: ஓடியது, ஆனாலும் பதற்றம்

6 ஆண்டு கழித்து 2024 ஜனவரி 9-ந்தேதி மறுபடியும் ஸ்டிரைக். 15-வது ஊதிய ஒப்பந்த பேச்சு, காலி பணியிடம் நிரப்புதல், ஓய்வூதியர்களின் அகவிலைப்படி நிலுவை, பழைய ஓய்வூதிய திட்டம் என 6 கோரிக்கைகள். சி.ஐ.டி.யு.வும் அ.தி.மு.க.வின் அண்ணா தொழிற்சங்க பேரவையும் ஒரே பக்கம் நின்றது அப்போது பரபரப்பாக பேசப்பட்டது.

ஆனால் இந்த முறை பெரும்பாலான பஸ்கள் ஓடின. காரணம், ஆளும் கட்சியின் தொ.மு.ச. ஸ்டிரைக்கில் சேரவில்லை. 2018-ல் தி.மு.க. எதிர்க்கட்சி. அப்போது தொ.மு.ச. போராட்டத்தின் முன்வரிசையில் இருந்தது. அண்ணா பேரவை பஸ் ஓட்டியது. 2024-ல் அப்படியே தலைகீழ்! எந்த சங்கம் ஸ்டிரைக்கில் சேருகிறது என்று பார்த்தாலே, மறுநாள் பஸ் வருமா வராதா என்பதை ஓரளவு கணித்துவிடலாம்.

மறுநாளே ஐகோர்ட்டில் வழக்கு. பொங்கல் நேரத்தில் மக்களுக்கு ஏன் இடையூறு என்று நீதிபதிகள் கேட்டனர். 19-ந்தேதி வரை ஸ்டிரைக்கை தள்ளி வைப்பதாக சங்கங்கள் ஒப்புக்கொண்டன.

2 நாள்தானே என்று விட்டுவிட முடியாது. 2024-ல் புதிதாக 2 சிக்கல்கள் சேர்ந்திருந்தன.

ஒன்று, கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30-ந்தேதி அந்த பஸ் நிலையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டத்துக்கு போகும் அரசு விரைவு பஸ்கள் அங்கே மாறின. முன்பு கோயம்பேடு போனால் போதும். இப்போது குமணன்சாவடியில் இருந்து குன்றத்தூர், பல்லாவரம், தாம்பரம் என சுற்றிப் போக வேண்டும். அதாவது ஊருக்கு போகிற பஸ் ஓடினாலும், அதைப் பிடிக்க போகிற டவுன் பஸ் ஓடாவிட்டால் டிக்கெட் வீண்.

இன்னொன்று, பெண்கள். 2021 மே மாதம் முதல் சாதாரண கட்டண பஸ்சில் பெண்களுக்கு இலவசம். வீட்டு வேலைக்கும், கடை வேலைக்கும் போகிறவர்கள் அந்த பஸ்சை நம்பித்தான் மாத பட்ஜெட்டே போடுகிறார்கள். பஸ் நின்றால் மற்றவர்களுக்கு செலவு கூடுகிறது. இவர்களுக்கோ இல்லாத செலவு புதிதாக முளைக்கிறது. போக ஷேர் ஆட்டோ, வர ஷேர் ஆட்டோ என்றால் அன்றைய கூலியில் பாதி கரைந்துவிடும்.

போதாக்குறைக்கு அப்போது மெட்ரோ பணியால் மவுண்ட்-பூந்தமல்லி சாலை குறுகிக் கிடந்தது. ஆளாளுக்கு பைக், காரை எடுத்தால் அந்த ரோடு என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

ஏன் பொங்கலுக்கே?

பண்டிகை நேரத்தில் ஸ்டிரைக் செய்தால்தான் அரசு காது கொடுக்கும் என்பது சங்கங்களின் கணக்கு. பண்டிகை நேரத்தில் ஸ்டிரைக் செய்தால் மக்கள் ஆதரிக்க மாட்டார்கள், கோர்ட்டும் கேள்வி கேட்கும் என்பது அரசின் கணக்கு. 2 கணக்குக்கும் நடுவில் ஸ்டாப்பில் மூட்டையோடு நிற்பவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

இத்தனைக்கும் ஊதிய ஒப்பந்தம் என்று முடிகிறது என்பது இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரியும். 13-வது ஒப்பந்தம் 2016 செப்டம்பரிலேயே வந்திருக்க வேண்டும். 2018 ஜனவரி வரை இழுத்தார்கள், ஸ்டிரைக் வந்தது. 15-வது ஒப்பந்தம் 2023 செப்டம்பரில் வந்திருக்க வேண்டும். அடுத்த பொங்கலுக்குள் ஸ்டிரைக் வந்தது. 6 சதவீத உயர்வோடு அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது 2025 மே மாதத்தில்தான்.

பணம் இல்லை என்பது அரசு போக்குவரத்து கழகங்களின் நிரந்தர பதில். 2011 நவம்பருக்கு பிறகு கட்டணம் உயர்ந்தது 2018 ஜனவரி 20-ந்தேதி. அதாவது ஸ்டிரைக் முடிந்து 9-வது நாள்! 8 நாள் ஆட்டோவுக்கு அழுத அதே பயணி, பிறகு பஸ்சுக்கும் கூடுதலாக கொடுத்தார். எதிர்ப்பு கிளம்பியதால் அந்த மாத கடைசியில் கட்டணத்தை கொஞ்சம் குறைத்தார்கள்.

மெட்ரோ வந்தால் போதுமா?

கலங்கரை விளக்கம்-பூந்தமல்லி மெட்ரோ பாதையில் குமணன்சாவடியும் ஒரு நிலையம். போரூர், வடபழனி பக்கம் போகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் மாங்காட்டுக்கும் குன்றத்தூருக்கும் அந்த ரெயில் போகாது. மெட்ரோவில் இலவச டிக்கெட்டும் கிடையாது. அந்த பஸ்சை நம்பி இருப்பவர்கள் அடுத்த ஸ்டிரைக்கிலும் அதே ஸ்டாப்பில்தான் நிற்பார்கள்.

சம்பளம் கேட்பது தப்பு இல்லை. 30 வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர் ஓய்வூதிய நிலுவைக்கு அலைவதும் நியாயம் இல்லை. ஆனால் செப்டம்பரில் முடிக்க வேண்டிய பேச்சை ஜனவரிக்கு இழுத்து, கோர்ட்டு சொன்ன பிறகு தேதியை மட்டும் தள்ளி வைப்பது தீர்வு ஆகாது. பேச்சுவார்த்தை மேஜைக்கு இரு தரப்பும் சரியான நேரத்துக்கு வந்தால், குமணன்சாவடிக்கு பஸ்சும் சரியான நேரத்துக்கு வரும்.