வாய்ப்புற்றும் வருவதுரைக்கும் குறியும்

உடன்குடிக் கருப்பட்டியையும் ஆத்தூர் வெற்றிலையையும் அறியாத தமிழர் அரியர். இவ்விரண்டும் புவிசார் குறியீடு பெற்றுத் தூத்துக்குடி ஜில்லாவின் பெயரை நாடெங்கும் பரப்பியிருக்கின்றன. ஆனால் பனையேறுவோரும், உப்பளத்தில் வெயிலில் வேகுவோரும், கடலில் வலை வீசுவோரும் களைப்பை மறப்பதற்காகப் பாக்கையும் புகையிலையையும் கன்னத்தில் அடக்கிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கத்துக்கு அவர்களிற் சிலர் நாவையும் தாடையையும், முடிவில் உயிரையும் விலையாகக் கொடுக்கிறார்கள். புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 1985-இல் முடிவு கூறிற்று. புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கு ஒன்றேகூட, அவ்விதத்ததே என்று 2004-இல் அது வெளியிட்டது. ஆகவே நோயின் காரணத்தைப்பற்றி இனி விவாதத்துக்கு இடமில்லை.

நோய் வந்தபின் எழும் கேள்வி வேறு. "இனி என்ன ஆகும்?" என்று நோயாளியின் மனைவியும் மக்களும் கேட்கிறார்கள். வைத்தியரின் கையில் உள்ள அளவுகோல்கள் கட்டியின் பருமன், அது சதைக்குள் இறங்கிய ஆழம், கழுத்து நெறிகளில் நோய் பரவியதா என்பது ஆகியவையே. 2018 முதல் நடைமுறைக்கு வந்த நிலை வகுக்கும் விதிகளில் ஆழமும் ஒரு கணக்காகச் சேர்க்கப்பட்டது. இவை நல்ல அளவுகோல்களே, ஆனால் போதுமானவையல்ல. ஒரே பருமன், ஒரே நிலை என்று எழுதப்பட்ட இருவரில் ஒருவர் பல ஆண்டுகள் நலமாக வாழ்கிறார். மற்றவருக்கு ஆண்டு திரும்புமுன் நோய் திரும்புகிறது. இருவர் கட்டிகளும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் உள்ளே ஒன்றல்ல என்பதே இதன் பொருள்.

அந்த உள் வேற்றுமையைக் காட்டும் அடையாளங்களையே விஞ்ஞானிகள் மூலக்கூறுக் குறிகள் என்கிறார்கள். மரபணுக்களில் நேர்ந்த பிழைகள், உயிரணு மிகுதியாகவோ குறைவாகவோ உண்டாக்கும் புரதங்கள், அவற்றை அடக்கியாளும் நுண்ணிய ஆர்.என்.ஏ. துணுக்குகள் ஆகியவை இவ்வகையின. இத்துறையில் நம் நாட்டார் பின்தங்கியிருக்கவில்லை என்பது பெருமைக்குரிய விஷயம். ஈறும் கன்னமும் சேருமிடத்தில் வரும் புற்று, புகையிலை மெல்லும் நாடுகளில் மிகுதி. வங்காளத்துக் கல்யாணியிலுள்ள மரபணு ஆராய்ச்சி நிலையத்தாரும் மும்பை டாட்டா நிலையத்தாரும் அதை ஆராய்ந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஐம்பது நோயாளிகளின் மரபணுக்களை விரிவாகப் படித்து, மேலும் அறுபதுபேரிடம் சரிபார்த்தார்கள். இந்நோய் ஒரே நோயன்று, உள்ளமைப்பில் பல பிரிவுகளை உடையது என்பதும், சில பிரிவினர் நோய் திரும்பாமல் மற்றவர்களைவிட நீண்ட காலம் வாழ்ந்தனர் என்பதும் அதனால் தெரிந்தன. 2020-இல் சென்னை ஐ.ஐ.டி.யாரும் அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தாரும் வேறு சிலருடன் சேர்ந்து, நாக்குப் புற்றில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-155 என்ற துணுக்கு மிகுந்திருப்பதையும், கட்டியை அடக்கும் ஒரு புரதத்தை அது ஒடுக்குவதையும் கண்டறிந்தனர்.

இவையெல்லாம் பண்டிதர்களின் ஆராய்ச்சி, ஏழைப் பனையேறிக்கு இதனால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். பயன் அவருடைய தோளில் இருக்கிறது. வாய்ப்புற்று ஆரம்ப நிலையில் இருக்கும்போது, கழுத்தில் நெறி தென்படாவிட்டாலும் முன்கூட்டியே கழுத்து நெறிகளை அகற்றுவது நலமா, நெறி தோன்றும்வரை காத்திருப்பது நலமா என்ற சந்தேகம் வெகுகாலம் இருந்தது. மும்பை டாட்டா ஆஸ்பத்திரியில் டாக்டர் அனில் டிகுரூஸ் தலைமையில் நடந்த பரிசோதனை 2015-இல் அதைத் தீர்த்து வைத்தது. முன்கூட்டியே அகற்றியவர்களில் நூற்றுக்கு 80 பேர் மூன்றாண்டுக்குப்பின் உயிரோடிருந்தனர், காத்திருந்தவர்களில் 67.5 பேரே. ஆனால் முன்கூட்டி அகற்றப்பட்ட கழுத்துகளில் மறைந்த நோய் இருந்தது பத்தில் ஏறக்குறைய மூன்றில் மட்டுமே. மற்ற ஏழுபேர், யாரிடம் நோய் ஒளிந்திருக்கிறது என்று முன்னறிய வழியில்லாமையால், கத்தியை ஏற்றவர்கள். இச்சிகிச்சைக்குப்பின் சிலருக்குத் தோள் நரம்பு நலிந்து கை உயர மறுக்கிறது. நாற்காலியில் அமர்ந்து வேலை செய்வோருக்கு அது ஒரு தொல்லை. பனையேறிக்கும் வலை இழுப்பவருக்கும் அதுவே பிழைப்பின் முடிவு. மறைந்த நோயைச் சரியாகச் சொல்லும் குறி ஒன்று கிடைக்குமானால், வேண்டியவருக்குச் சிகிச்சையும் வேண்டாதவருக்கு விடுதலையும் கிட்டும். அது கிடைக்கும்வரை கழுத்துச் சிகிச்சையை ஒருவரும் மறுக்கலாகாது என்பதும் அதே பரிசோதனை போதிக்கும் பாடம்.

அத்தகைய குறி ஏன் இன்னும் கிடைக்கவில்லை? குறிகளுக்குப் பஞ்சமில்லை, விஞ்ஞானப் பத்திரிகைகளில் நூற்றுக்கணக்கானவை பிரசுரமாகியிருக்கின்றன. எனினும் 2018-இன் விதிகளில் வாய்ப்புற்றுக்கென ஒரு மூலக்கூறுக் குறிகூட இடம்பெறவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் சில பத்து நோயாளிகளிடம் மெய்யென்று தோன்றியது மற்றோர் ஆஸ்பத்திரியில் பொய்த்துப்போகிறது. அமெரிக்கர் 2015-இல் 279 தலை, கழுத்துக் கட்டிகளைப் படித்துப் பெரிய பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். அங்கே முக்கியமான பழக்கம் புகைத்தல், இங்கே மெல்லுதல். அவர்கள் கோலால் நம் நோயை அப்படியே அளந்துவிட முடியாது.

எல்லாவற்றினும் பெரிய குறை வேறொன்று. வருவதுரைக்கும் குறிக்கு உயிர் கொடுப்பது யந்திரமன்று; நோயாளிக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்று எழுதிவைத்த ஏடு. ஒரு கட்டியின் மரபணு முழுவதையும் படித்தாலும், அதற்குரியவர் ஐந்தாண்டுக்குப்பின் இருக்கிறாரா இல்லையா என்பது தெரியாவிட்டால் அப்படிப்பு பயனற்றது. உடன்குடியிலிருந்து சென்னை அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. ரண சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர் ஒரு நாள் கூலியை இழந்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. அவரைத் தேடி எவரும் வருவதுமில்லை. விஞ்ஞானம் அங்கேதான் அறுபடுகிறது.

ஏட்டின் வலிமையை நம் தென்கோடி நன்கறியும். அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பணிபுரிந்த ஐ. எம். ஆர் என்ற வைத்தியர், தம்மிடம் வந்த வாய்ப்புற்று நோயாளிகளின் தாம்பூலப் பழக்கத்தை நோயோடு சேர்த்து ஆராய்ந்து, 1933-இல் லண்டன் லான்செட் பத்திரிகையில் வெளியிட்டார். உலகம் பின்னர் ஒப்புக்கொண்ட உண்மைக்கு அது ஓர் ஆரம்பம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் பிறந்த அடையாற்று நிலையத்தில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் இதே வழியில் உழைத்தார்கள். அந்நிலையம் 1981-இல் சென்னைக்கு ஏற்படுத்திய புற்றுநோய்ப் பதிவேட்டு முறை 2012-இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. அடித்தளம் இருக்கிறது, அதன்மேல் கட்டவேண்டியதே பாக்கி.

ஆகவே சர்க்காருக்கு நாம் கூறுவது இது. தூத்துக்குடி, திருநெல்வேலி முதலிய ஊர்களிலுள்ள சர்க்கார் வைத்தியக் கல்லூரிகள் ஒவ்வொன்றும், நோயாளியின் சம்மதம் பெற்று, வாய்ப்புற்றுக் கட்டியின் துண்டைப் பத்திரப்படுத்தவேண்டும். ஒவ்வொருவரையும் ஐந்தாண்டு காலம், வீடு தேடிச் சென்றேனும், தொடர்ந்து விசாரித்துப் பதிவேட்டில் எழுத ஊழியர் வேண்டும்; நோயாளிக்கு வழிச்செலவும் வேண்டும். நிரூபிக்கப்படாத குறிகளைச் சோதிப்பதாகச் சொல்லித் தனியார் பணம் பறிப்பதைத் தடுக்கவேண்டும். குறி கெட்டதாயிருக்கிறது என்ற காரணத்தால் காப்பீடோ சிகிச்சையோ மறுக்கப்படலாகாது. வருவதுரைக்கும் குறி வைத்தியர்க்கு வழிகாட்டவேண்டுமே தவிர, ஏழைக்கு மரண சாஸனமாகிவிடக் கூடாது.

இவையெல்லாம் கைகூடும்வரை சும்மா இருக்கவேண்டுமென்பதில்லை. 1996-இல் திருவனந்தபுரம் ஜில்லாவில் பயிற்சி பெற்ற ஊழியர் வீடுதோறும் சென்று, விளக்கொளியில் வாயைப் பார்த்துச் சோதிக்கும் முறை தொடங்கப்பட்டது. புகையிலை அல்லது மதுப்பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் அதனால் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென்று 2005-இல் தெரிந்தது. இதற்கு மரபணு யந்திரம் தேவைப்படவில்லை. வாயில் வெண்படலமோ, செம்படலமோ, ஆறாத புண்ணோ கண்டவர்கள் நாள் கடத்தாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். பாக்கையும் புகையிலையையும் இன்றே விட்டொழிக்கவேண்டும். பொதுஜனங்கள் தங்கள் கடமையைச் செய்வார்கள். பனையுச்சியில் ஏறி நமக்கு இனிப்பிறக்கித் தருபவரின் பெயரை ஆஸ்பத்திரி ஏட்டில் ஐந்தாண்டு காலம் மறவாமல் வைத்திருப்பது சர்க்காரின் கடமை. அதைத் தாமதமின்றி மேற்கொள்வார்களென்று நம்புகிறோம்.