பாண்டிச்சேரியின் செவ்வாய்க்கிழமை

வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு மேல் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். சொந்த ஊருக்குப் போகிறவனைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். கையில் பெட்டி, அம்மாவுக்கு மாத்திரை, தங்கச்சிக்குச் சுடிதார், முகத்தில் கவலை. இன்னொரு கோஷ்டி நாலு பேராக நிற்கும். முதுகில் ஒரே ஒரு பை, காலில் ரப்பர் செருப்பு, முகத்தில் மேனேஜரைத் திங்கள்வரை பார்க்க வேண்டாம் என்கிற பரமானந்தம். எங்கே போறீங்க என்று கேட்கவே வேண்டாம். பாண்டிச்சேரிதான்!

எங்கள் அஸ்தினாபுரத்திலிருந்து பாண்டி ஒன்றும் அமெரிக்கா இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து, திண்டிவனத்தில் இடது பக்கம் திரும்பினால் மூணு, மூணரை மணி நேரம். சனிக்கிழமை காலையில் கடற்கரைச் சாலை. பதினோரு மணிக்கு வெள்ளைக்காரன் தெருவில் மஞ்சள் சுவரில் சாய்ந்து ஒரு போட்டோ. சாயங்கால நிகழ்ச்சி நிரல் உங்களுக்கே தெரியும், இது வீட்டில் எல்லோரும் படிக்கிற பத்திரிகை. ஞாயிறு காலை தலைவலி. மகாத்மா காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு டீ ஷர்ட். ராத்திரி திரும்பவும் பஸ்.

அந்த ஊரைப் பற்றி நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நாம் கிளம்பி வந்த பிறகு அந்த ஊர் என்ன செய்கிறது?

நான் பி.காம். படித்தவன். மூன்று வருஷப் படிப்பில் மண்டையில் தங்கியது ஒரே ஒரு பாடம். 'ஒரே கஸ்டமரை நம்பிக் கடை போடாதே. அவனுக்கு ஜலதோஷம் பிடித்தால் உனக்கு ஜன்னி வரும்.' இந்தக் கணக்கை பாண்டிச்சேரிக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. நகரத்தின் நடுப்பகுதிக்கு இன்று பெரிய கஸ்டமர் நாம்தான். வாரத்தில் இரண்டு நாள் வருகிற, ஆயிரம் ரூபாய் ரூமுக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற நாம்!

2024 ஆகஸ்ட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, கட்டுரை வேலையாக அங்கே போயிருந்தேன். புது பஸ் ஸ்டாண்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்த நேரம். பஸ்களெல்லாம் கடலூர் சாலை ஏ.எஃப்.டி. திடலில்தான் நின்றன. ஆட்டோவில் ஏறினேன்.

"சனி, ஞாயிறு வந்தீங்கன்னா பேசவே டைம் இருக்காது சார். இன்னிக்கு செவ்வா. பேசிக்கினே போலாம்" என்றார் டிரைவர். முப்பது வயசு இருக்கும்.

"அப்பாவும் ஆட்டோவா?"

"இல்ல சார். நீங்க இப்ப எறங்குனீங்களே, அந்த மில்லுதான். சங்கு ஊதுனா எங்க வீட்ல கடிகாரமே பாக்க மாட்டாங்க. அவருக்கு பி.எஃப். இருந்துச்சு, ஈ.எஸ்.ஐ. இருந்துச்சு. எனக்கு சனி, ஞாயிறு இருக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்த மில் 1898-ல் ஆரம்பித்தது. ஆங்கிலோ-பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ். ஊர் ஜனங்களுக்கு ரோடியர் மில். இதோடு சவானா மில் (பிற்பாடு சுதேசி), கப்ளே மில் (பிற்பாடு பாரதி) என்று மூன்று பெரிய ஆலைகள். அதற்கும் முன்பே பாண்டிச்சேரியின் நீலத் துணி, ஆப்பிரிக்காவில் செனெகல் வரை கப்பலில் போனது. ஊருக்கு வெள்ளைக்காரன் தெரு மட்டும் சொத்து இல்லை, தறியும் சொத்து.

ஆபீஸ் நண்பர்களே, நீங்கள் எட்டு மணி நேரம் முடிந்ததும் பையைத் தூக்குகிறீர்களே, அதிலும் இந்த ஊருக்குப் பங்கு உண்டு. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய சவானா மில் தொழிலாளர்கள் மீது 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். அடுத்த வருஷமே அங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. இந்தியாவின் மற்ற பகுதிகளுக்கு அது வர இன்னும் பல வருஷம் ஆயிற்று.

பிறகு? பழைய மிஷின், நஷ்டம், சம்பள பாக்கி. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்து மில் கூரையைப் பிய்த்தது. (அதே புயல் புத்தாண்டுக் கூட்டத்தையும் துரத்திவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.) 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. கடற்கரையில் ஈ, காக்காய் இல்லை. அடுத்த மாசமே, ஏப்ரல் 30-ம் தேதியோடு, ஏ.எஃப்.டி.க்கு நிரந்தரப் பூட்டு. டூரிஸ்ட்டும் இல்லை, மில்லும் இல்லை. மற்ற இரண்டு மில்களும் இன்று ஓடவில்லை.

இன்னொரு வருமானமும் இதற்கிடையில் கழன்றது. ஒரு காலத்தில் பாண்டிச்சேரியில் விற்பனை வரி குறைவு. கம்பெனிகள் தேடி வந்து ஃபாக்டரி போட்டன. நம்ம ஊர் மாமாக்கள் ஃபிரிட்ஜ் வாங்கவே அங்கே போனார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. நாடு முழுக்க ஒரே வரி. சரக்கு எங்கே வாங்கினாலும் வரி ஒன்றுதான் என்றாகிவிட்டது. (குடிக்கிற சரக்கு ஜி.எஸ்.டி.க்கு வெளியே! ஆக, மிச்சம் இருக்கிற சலுகை எது என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.)

கடற்கரையாவது நிரந்தரமா என்றால், அதுவும் இல்லை. 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணை போட்டார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணல் அங்கேயே தடுக்கப்பட்டது. நகரத்துக்கு எதிரே இருந்த மணல் பரப்பைக் கடல் தின்றது. அதனால்தான் கடற்கரை என்று போன நாமெல்லாம் ரொம்ப காலம் பாறாங்கல் மேல் உட்கார்ந்து கடலை தின்றோம். பிறகு நம்ம பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம்தான் கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டு அமைத்து, கொஞ்சம் மணலைத் திரும்பக் கொண்டு வந்தது. போதாததற்கு 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல், ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அன்றைக்கு என்ன கிழமை தெரியுமா? சனிக்கிழமை!

சுற்றுலாவை நான் திட்டவில்லை. ஓட்டல்காரர்கள் வராவிட்டால் பல பழைய வீடுகள் எப்போதோ இடிந்து ஃபிளாட் ஆகியிருக்கும். 2014 மழையில் பொலபொலவென்று விழுந்த மேரி கட்டடத்தை, 2021-ல் பழைய மாதிரியே திரும்ப எழுப்பியதும் நல்ல காரியம்தான். ஆனால் கட்டடத்துக்கு வெள்ளை அடிப்பது வேறு, ஊருக்குச் சம்பளம் கொடுப்பது வேறு.

கடல் தாண்டி ஓர் ஊரைச் சொல்கிறேன். மலேசியாவில் பினாங்கு. பாண்டிச்சேரி மாதிரியே கடலோரம், காலனி காலத்துக் கட்டடம். நடுவில் நம்ம ஆட்களின் லிட்டில் இந்தியாவில் சுடச்சுட இட்லிகூடக் கிடைக்கும். வரியில்லாத் துறைமுகம் என்கிற சலுகைதான் அந்த ஊருக்குச் சோறு போட்டது. 1969-ல் அது பறிபோனது. இளைஞர்கள் வேலை இல்லாமல் தெருவில் நின்றார்கள். அப்போதைய முதலமைச்சர் லிம் சோங் யூ, கடற்கரை இருக்கிறதே, ஓட்டல் கட்டினால் போதும் என்று விட்டுவிடவில்லை. ஏர்போர்ட் பக்கத்தில் பாயான் லெப்பாசில் ஏற்றுமதித் தொழிற்பேட்டை வந்தது. 1972-ல் இன்டெல் கம்பெனி ஃபாக்டரி போட்டது. இன்றைக்கும் அங்கே சிப் வேலை நடக்கிறது. 2008-ல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறி டூரிஸ்ட் கூட்டம் குவிந்தபோது, அது சம்பளத்துக்கு மேலே வந்த போனஸ்.

அங்கேயும் ஒரு தப்பு நடந்தது. 2000-ல் பழைய வாடகைக் கட்டுப்பாட்டை எடுத்ததும் வாடகை எகிறி, தலைமுறை தலைமுறையாக நடுநகரில் இருந்த குடும்பங்களும் சின்னத் தொழில்காரர்களும் வெளியேறினார்கள். பாண்டிச்சேரி குபேர் மார்க்கெட்டைப் புதுசாகக் கட்டுவோம் என்றபோது வியாபாரிகள் முரண்டு பிடித்தார்களே, அது வெறும் பிடிவாதம் இல்லை. மீனும் பூவும் விற்கிற அம்மாக்கள் புதுக் கட்டடத்துக்குள் திரும்பி வர முடியுமா என்கிற நியாயமான பயம்.

அவ்வளவு தூரம் எதற்கு? குரோம்பேட்டை என்கிற பெயரே குரோம் லெதர் என்ற தோல் கம்பெனியால் வந்தது. அந்தக் கம்பெனி இன்று இல்லை. ஊர் படுத்துவிட்டதா? 1984-ல் தாம்பரத்தில் மெப்ஸ் வந்தது. ரயில்வே, விமானப்படை, ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை என்று நாலு கால் இருந்ததால் ஒரு கால் உடைந்தும் நாற்காலி நின்றது.

பாண்டிச்சேரிக்கும் கால்கள் உண்டு. ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு எந்தச் செவ்வாய்க்கிழமை வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், கடலூர், விழுப்புரம் ஜனமெல்லாம் அங்கேதான். சேதராப்பட்டிலும் திருபுவனையிலும் ஃபாக்டரிகள் இருக்கின்றன. எல்லாம் நகரத்துக்கு வெளியே. நடுநகரில் கைவசம் இருப்பது அந்தப் பழைய மில் நிலங்கள். அங்கே ஆடை வடிவமைப்புப் பயிற்சியோ, மருத்துவக் கருவி செய்கிற பட்டறையோ, சின்ன கம்ப்யூட்டர் கம்பெனிகளோ எது வேண்டுமானாலும் வரட்டும். இன்னொரு ரிசார்ட்டும் கார் பார்க்கிங்கும் மட்டும் வேண்டாமே!

இனி தலைவர்கள் யாராவது ரிப்பன் வெட்டி, பாண்டிச்சேரியை உலகத் தரத்துக்கு உயர்த்துவோம் என்று பேசினால், அங்கே ஓட்டு உள்ளவர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'ஐயா, இதனால் செவ்வாய்க்கிழமை எத்தனை பேருக்கு வேலை? அதில் எத்தனை பேருக்கு பி.எஃப்.?'

ஓட்டு இல்லாத நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த தடவை லீவு போடும்போது வாரத்தின் நடுவில் ஒரு நாள் போடுங்கள். ரூமும் சல்லிசாகக் கிடைக்கும், ஆட்டோக்காரரும் பேசிக்கொண்டே வருவார். மேனேஜரிடம் என்ன காரணம் சொல்வது என்பதை மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.