மரத்தைத் திருப்பத் தெரியுமா?

சம்பளத்துக்குச் செய்கிற வேலை ஒன்று. அந்த வேலை கிடைக்கப் படிக்க வேண்டியது வேறொன்று. மென்பொருள் துறையில் இது எப்போது சட்டமானது, யார் போட்ட சட்டம் என்று யாரைக் கேட்டாலும் "அது அப்படித்தான்" என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

என் வேலை, வங்கிகளுக்கான பணப் பரிமாற்ற மென்பொருள். உங்கள் கணக்கில் கழிந்த பணம் அடுத்தவர் கணக்கில் ஏறாமல் நடுவழியில் நின்றால் தேடிப் பிடிப்பது, சிக்னல் கிடைக்காமல் நீங்கள் பட்டனை நாலு தடவை அழுத்தினாலும் பணம் ஒரு தடவைதான் போகும்படி பார்த்துக்கொள்வது, மாத முதல் தேதிச் சம்பள நெரிசலில் சர்வர் படுத்துவிடாமல் காப்பது. பத்து வருஷத்துக்கு மேலாக இதைத்தான் செய்கிறேன். நடுராத்திரி போன் வந்தால் எந்த லாகை முதலில் திறக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இந்த அனுபவத்தோடு வேறு கம்பெனிக்குப் போனால் முதல் சுற்றில் கேட்பது: ஒரு பைனரி மரத்தை, அதாவது இரண்டிரண்டு கிளையாகப் பிரிந்து போகும் தகவல் அடுக்கை, இடம் வலமாகத் திருப்பு. நாற்பத்தைந்து நிமிஷம். வெறும் டாக்குமென்டில் எழுது, ஓட்டிப் பார்க்கக் கூடாது.

வேலையில் நான் எந்த மரத்தையும் திருப்பியதில்லை. என் டீமில் யாரும் திருப்பியதில்லை. திருப்பச் சொல்லிக் கேட்கிறவரும் அவருடைய ஆபீசில் திருப்பியிருக்க மாட்டார். இருபது வருஷம் பஸ் ஓட்டியவரை வேலைக்கு எடுக்குமுன் எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னால் நியாயம். பிஸ்டன் படத்தை மனப்பாடமாக வரையச் சொன்னால் சாவியை வீசிவிட்டுப் போய்விடுவார். நாங்கள் வீசுவதில்லை. உட்கார்ந்து வரைந்து பழகுகிறோம்.

இந்த மரக் கதையில் ஒரு பெரிய மனிதரும் மாட்டியிருக்கிறார். மேக் கணினியில் நிரல் எழுதுகிறவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஹோம்ப்ரூவை உருவாக்கிய மேக்ஸ் ஹோவெல், 2015-இல் கூகுள் நேர்காணலில் தேறாமல் திரும்பி வந்து ட்விட்டரில் பொரிந்து தள்ளினார். உங்கள் பொறியாளர்களில் 90 சதவீதம் பேர் நான் எழுதியதைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் பலகையில் ஒரு மரத்தைத் திருப்பத் தெரியாததால் நான் வேண்டாமாம் என்கிற பொருளில். கடைசியில் ஒரு கெட்ட வார்த்தையும் உண்டு. எனக்கு அதுதான் மனதுக்கு இதமாக இருந்தது.

சரி, படித்துவிடுவோம் என்று இறங்கினால் படிப்பதற்கு எல்லையே இல்லை. 'கிராக்கிங் த கோடிங் இன்டர்வியூ' என்கிற தலையணைப் புத்தகத்தின் ஆறாம் பதிப்பில் 189 கேள்விகள். அது போதாது, பிளைண்ட் 75 என்கிற கேள்விப் பட்டியலைப் போடுங்கள் என்பார் ஒருவர். நீட்கோட் 150 போட்டீர்களா என்பார் இன்னொருவர். ஸ்ட்ரைவர் ஷீட் முடிக்காமல் பெங்களூர் கம்பெனி எதற்கும் அப்ளை பண்ணாதீர்கள் என்பார் கூட வேலை பார்க்கிற சின்னப் பையன். லீட்கோட் என்கிற பயிற்சித் தளத்தில் கேள்விகள் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டன. திருச்சி என்ஐடியில் படித்த இருவர் தொடங்கியதுதான் ஹேக்கர்ரேங்க். உலகம் முழுக்க இன்ஜினீயர்களுக்குப் பரீட்சை வைக்கிற தளம் நம்மூர் பிள்ளைகள் செய்தது என்று பெருமைப்படலாம்தான்; இரவு பதினொரு மணிக்கு டைனமிக் புரோகிராமிங்கோடு மல்லுக்கட்டும்போது அந்தப் பெருமை வர மறுக்கிறது.

எங்கம்மா ஒருநாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டி, இத்தன வருஷமா இந்த வேலதானே பாக்குற? அதே வேலைக்குப் போறதுக்கு எதுக்குடி இன்னும் பரீட்சைக்குப் படிக்கிற?" பதில் தெரியவில்லை. ஆறாவது படிக்கிற மகளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக் கொடுக்க நேரமில்லை என்று டியூஷனில் விட்டுவிட்டு, நான் உட்கார்ந்து ஒரு திருடன் அடுத்தடுத்த வீடுகளில் திருடாமல் அதிகபட்சம் எவ்வளவு பணம் சுருட்டலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நிஜமாகவே லீட்கோட்டில் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது. வங்கிப் பணத்தைப் பாதுகாக்கிறவளுக்கு நல்ல பயிற்சி.

இதில் என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது கேள்வியின் கஷ்டம் அல்ல, நாடகம். எண்களின் வரிசை ஒன்றைக் கொடுத்து, அடுத்தடுத்து இருக்கிற எண்களில் எந்தத் துண்டின் கூட்டுத்தொகை அதிகம் என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். இந்தக் கணக்கு 1977-இல் உல்ஃப் கிரெனாண்டர் என்கிற பேராசிரியரின் ஆராய்ச்சியில் எழுந்தது. மைக்கேல் ஷாமோஸ் ஓர் இரவு உட்கார்ந்து அதற்கு வேகமான வழி ஒன்று கண்டார். சில நாள் கழித்து ஒரு கருத்தரங்கில் இதைக் கேட்ட புள்ளியியலாளர் ஜே கடேன், ஒரு நிமிஷத்துக்குள் அதைவிட வேகமான வழியைச் சொல்லிவிட்டார். ஷாமோஸ் சாதாரண ஆள் இல்லை; கணக்கீட்டு வடிவியல் என்ற துறைக்கே அடிக்கல் போட்டவர்களில் ஒருவர். அவருக்கே ஓர் இரவு. நாங்கள் எல்லோரும் இருபது நிமிஷத்தில் கடேன் ஆக வேண்டும்.

ஆகிறோம், எப்படி? மனப்பாடம் செய்து. முதலில் மெதுவான வழியைச் சொல்ல வேண்டும். பிறகு கொஞ்சம் யோசிப்பதுபோல மேலே பார்க்க வேண்டும். அப்புறம், அந்த நொடியில்தான் உதித்ததுபோல "ஒரே லூப்பில் முடிக்கலாமோ?" என்று இழுக்க வேண்டும். இதைப் பயிற்சி வீடியோக்களில் வெளிப்படையாகவே சொல்லித் தருகிறார்கள். எதிரே இருப்பவரும் இதே நாடகத்தை நடித்துத்தான் அந்த நாற்காலிக்கு வந்தார். அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் சிரிக்காமல் நடிக்கிறோம். இதற்குப் பெயர் திறமையைச் சோதிப்பது.

அடிப்படை அல்காரிதம்கூடத் தெரியாதா என்று கேட்பவர்களுக்கு, வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதிபாதியாகக் குறைத்துத் தேடும் பைனரி தேடலை நினைவூட்டுகிறேன். அடிப்படையிலும் அடிப்படை அது. அச்சில் முதலில் வந்தது 1946-இல். எல்லா அளவுக்கும் சரியாக வேலை செய்கிற வடிவம் அச்சேறியது அதற்குப் பத்து வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான் என்று கணினி அறிஞர் டொனால்ட் நூத் பதிந்திருக்கிறார். அதன் பிறகும் ஜாவா மொழியின் நூலகத்திலேயே அந்தத் தேடலில் ஒரு பிழை ஒன்பது வருஷம்போல ஒளிந்திருந்து 2006-இல்தான் வெளிப்பட்டது. இரண்டு எண்களைக் கூட்டிப் பாதியாக்குகிற ஒற்றை வரி. எண்கள் மிகப் பெரிதானால் கூட்டல் நிரம்பி வழிந்துவிடும். எழுதிய ஜோஷுவா பிளாக்கே அதை ஊரறியச் சொன்னார். உலகத்தின் மூளைகள் இத்தனை வருஷம் தடுமாறிய இடத்தில், ஒருத்தர் வெப்கேமில் முறைத்துக்கொண்டிருக்கும்போது நான் ஒரு சிறு பிழை விட்டால் "பேசிக்ஸ் வீக்".

அந்த முறைப்பைப் பற்றியும் ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2020-இல் வெளியிட்டது. 48 மாணவர்களைப் பிரித்து, பாதிப் பேரைத் தனியறையில் விட்டு, மீதிப் பேரை ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கப் பலகையில் எழுதச் சொன்னார்கள். யாரோ பார்க்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காகச் செயல்திறன் பாதிக்கும் கீழே போனது. பார்வையாளர் முன்னால் எழுதிய பெண்களில் ஒருவரும் தேறவில்லை. தனியறையில் எழுதிய பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள். சின்ன ஆய்வுதான், அதை வைத்து உலகத்தை அளக்க முடியாது. ஆனாலும் பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வருஷ இடைவெளி விட்டுத் திரும்பி வந்த தோழி, கேமரா முன்னால் வாயடைத்துப் போனதாகச் சொன்னபோது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது.

கேமரா இல்லாத ஆன்லைன் தேர்வு கிடையாது. டேப் மாற்றினால் எச்சரிக்கை. கண் திரையை விட்டு விலகினால் எச்சரிக்கை. ஒரு தேர்வில் அடுப்படியில் குக்கர் விசில் அடித்ததும் "பின்னணியில் சத்தம்" என்று சிவப்பு எழுத்தில் வந்தது. இரண்டு பெட்ரூம் வீட்டில் மூன்று தலைமுறை இருக்கிறது. சத்தம் இல்லாத அறைக்கு நான் எங்கே போவேன்?

காப்பி அடிக்கிறார்கள், ஆள்மாறாட்டம் செய்கிறார்கள், போலி அனுபவச் சான்றிதழ் விலைக்குக் கிடைக்கிறது. எல்லாம் உண்மை. ஒரு வேலைக்கு ஆயிரக்கணக்கில் ரெஸ்யூம் குவிகிற ஊரில் ஏதோ ஒரு சல்லடை வேண்டும்தான். கல்லூரியை விட்டு நேராக வருகிற பிள்ளையிடம் காட்ட வேலை எதுவும் இல்லை. புதிர் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. பத்து வருஷம் வேலை பார்த்தவரையும் அதே சல்லடையில் போடுவதுதான் எனக்குப் பிடிபடவில்லை. 2024-இல் கூகுளின் புதிய நிரலில் கால்வாசிக்கு மேல் ஏஐ எழுதுகிறது, பொறியாளர்கள் சரிபார்க்கிறார்கள் என்று சுந்தர் பிச்சையே சொன்னார். சரிபார்ப்பதுதான் இனி வேலை என்றால், எழுதியதில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்களேன்.

அப்படி ஒரு சுற்று வாய்த்தது. பேனலில் இருந்தவர், ஒரே பணம் இரண்டு தடவை போகாமல் எப்படித் தடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பதில் வரும் முன் இணைப்பு அறுந்தால்? சொன்னேன். எதிர்ப்பக்கம் இருக்கிற வங்கி பொய்யாக 'வெற்றி' என்று பதில் அனுப்பினால்? இருவரும் ஒரு மணி நேரம் பேசினோம். அவர் அனுபவத்திலும் அப்படி ஒரு ராத்திரி இருந்தது. இதுதான் நேர்காணல் என்று தோன்றியது. அடுத்த சுற்றில் ஒரு இளைஞர் வந்து, ஓர் எழுத்துச் சரத்தில் முன்னும் பின்னும் ஒரே மாதிரி வாசிக்கிற மிக நீளமான துண்டை, அதாவது பாலிண்ட்ரோமை, கண்டுபிடிக்கச் சொன்னார். அதோடு அந்தக் கம்பெனி முடிந்தது.

எல்லாச் சுற்றிலும் தேறினாலும் தொல்லை தீராது; நோட்டீஸ் பீரியட் பற்றித் தனியாகவே புலம்பலாம். விடுகிற கம்பெனி தொண்ணூறு நாள் என்கிறது, எடுக்கிற கம்பெனி இமீடியட் ஜாயினர் வேண்டும் என்கிறது. கையில் ஆஃபர் இல்லாமல் பேப்பர் போடும் தைரியம் வீட்டுக் கடன் இருக்கிறவர்களுக்குக் கிடையாது.

பேனலில் உட்காருகிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். கேள்வி கேட்பதற்கு முன் எங்கள் ரெஸ்யூமின் முதல் பக்கத்தையாவது படியுங்கள். அதில் இருக்கிற வேலையிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால், "நாங்களே கூப்பிடுகிறோம்" என்று சொல்லிவிட்டு மறைந்துபோகாமல், அன்றைக்கே ஒரு வரி மெயில் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் ஹெச்ஆர் நம்பருக்கு நாங்களும் வாரக்கணக்கில் போன் போட்டுக்கொண்டிருக்க மாட்டோம்.