கேமரா உங்களுடையது, படம் யாருடையது?

அந்தமானின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் ஏறுகிறவருக்கு இரண்டு கவலைகள். கடல் எப்படி இருக்குமோ என்பது ஒன்று. பூட்டிவிட்டு வந்த வீடு என்ன ஆகுமோ என்பது இன்னொன்று. வானிலை கெட்டுக் கப்பல் ரத்தானால் சொன்ன நாளில் திரும்ப முடியாது. கடலை ஒன்றும் செய்ய முடியாது. வீட்டுக்குக் கடையில் கேமரா விற்கிறார்கள்.

வாங்கி மாட்டுவது சுலபம். ஆனால் இவற்றில் பல, எடுத்த படத்தை எங்கோ இருக்கும் கம்பெனியின் சர்வருக்கு அனுப்பிவிடுகின்றன. அங்கே அதை யார் பார்ப்பார்கள்? அமேசானுக்குச் சொந்தமான ரிங் கேமரா நிறுவனத்தின் ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் அந்தரங்கக் காட்சிகளைப் பார்த்தார்கள் என்று 2023இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது. 58 லட்சம் டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்துக்கொண்டது நிறுவனம். காவலுக்கு வைத்த ஆளே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த கதை.

மாற்று வழி, நீங்களே ஒன்றைச் செய்துகொள்வது. மாணவர்கள் புரோகிராம் எழுதிப் பழகட்டும் என்று பிரிட்டனில் 2012இல் வெளிவந்தது ராஸ்பெர்ரி பை என்ற ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர். அதன் குட்டி வடிவமான ஜீரோ 2 டபிள்யூ 65 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம். 2021இல் வந்தபோது விலை 15 டாலர். இதனுடன் ஒரு கேமரா, மெமரி கார்டு, 'மோஷன்' என்ற இலவச சாஃப்ட்வேர் இருந்தால் போதும். முந்தைய படத்தையும் அடுத்த படத்தையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் புள்ளிகள் மாறினால் யாரோ நடமாடுவதாக எடுத்துக்கொண்டு பதிவு செய்யும். பதிவு உங்கள் கார்டிலேயே இருக்கும்.

தீவுக்காரர்களுக்கு இதன் அருமை புரியும். சென்னையிலிருந்து 2,312 கிலோமீட்டர் கடலடி கேபிள் 2020 ஆகஸ்டில் வரும்வரை அந்தமானுக்கு செயற்கைக்கோளே கதி. வீட்டு வாசலை நாள் முழுக்க வீடியோவாக வெளியூருக்கு அனுப்புவதை அன்று நினைத்துப் பார்க்க முடியாது. கேபிள் வந்த பிறகும் எல்லாத் தீவுகளுக்கும் அது போகவில்லை. வீட்டிலேயே பதிவு செய்து, ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஒரே ஒரு படத்தை மட்டும் போனுக்கு அனுப்பும் கேமரா மெதுவான இணைப்பிலும் வேலை செய்யும்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. உப்புக் காற்று கம்ப்யூட்டருக்கு எமன். காற்றுப் புகாத பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். திடீரென்று கரண்ட் போனால் கார்டில் உள்ளது கெட்டுப்போகலாம். சின்ன பேட்டரி பேக்கப் தேவை. எல்லாவற்றையும்விட முக்கியம் பாஸ்வேர்டு. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாத லட்சக்கணக்கான கேமராக்களையும் மற்ற சாதனங்களையும் 2016இல் மிராய் என்ற வைரஸ் வளைத்துப் போட்டது. ட்விட்டர்கூடச் சில மணி நேரம் தடுமாறியது. ராஸ்பெர்ரி பை வைத்திருந்த பொதுவான யூசர் பெயரும் பாஸ்வேர்டும் 2022இல்தான் நீக்கப்பட்டன. பழைய கார்டை எடுத்துப் போடுகிறவர்கள் ஜாக்கிரதை.

இனி அடுத்த வீட்டுக்காரர். ஃபீனிக்ஸ் பேயிலிருந்து அதிக தூரமில்லை செல்லுலார் சிறை. ஏழு கட்டடங்கள், நடுவே ஒரு கோபுரம். அங்கே நின்ற காவலாளிக்கு எல்லாப் பக்கமும் தெரியும், கைதிகளுக்கோ ஒருவரை ஒருவர் தெரியாது. 1906இல் கட்டி முடித்த அந்த வசதி இன்று யாருடைய பரணிலும் உட்காரலாம். கூடக் குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குள் கேமரா வைக்கக் கூடாது என்ற கல்கத்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் மறுத்துவிட்டது. 'மோஷன்' சாஃப்ட்வேரில் படத்தின் ஒரு பகுதியை மறைக்கும் வசதி உண்டு. அதில் முதலில் மறைக்க வேண்டியது பக்கத்து வீட்டு ஜன்னலை. கப்பல் ரத்தாகும் நாளில், கேமரா கண்டுபிடித்த திருடனைத் துரத்த ஓடி வரப்போகிறவர் அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் இருக்கிறார்.