பாஸ்டர் ஜெபம் பண்ணினார், சர்டிபிகேட் எங்கே?

"கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு சார்."

"எங்கே?"

"சபையில்."

"சர்டிபிகேட்?"

இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டில் ஆரம்பித்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் வழியாக எண்ணூர் வரை ஒரு தரம் போய்ப் பாருங்கள். பெரிய கோயில்களைச் சொல்லவில்லை. ராயபுரத்தில் 1829-ல் படகுத் தொழிலாளிகள் சொந்தக் காசில் கட்டிய ராயப்பர் கோயில் இருக்கிறது. அந்த ராயப்பர் பேரில்தான் பேட்டைக்கே ராயபுரம் என்று பேர். அங்கெல்லாம் ரிஜிஸ்தர் உண்டு, ஓலை வாசிப்பு உண்டு. நான் சொல்வது மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு, முப்பது பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு ஒலிபெருக்கியும் வைத்து நடக்கும் சின்னச் சின்ன ஜெபக்கூடங்களை.

இந்தச் சபைகளில் கூட்டம் சேருவதற்குக் காரணம் இருக்கிறது. பெண்களைக் கேட்டால் பட்டென்று சொல்வார்கள். ரட்சிக்கப்பட்ட புருஷன் டாஸ்மாக் பக்கம் போகமாட்டான், சம்பளத்தை வீட்டில் கொடுப்பான். கை நீட்டினால் பாஸ்டரிடம் போய்ச் சொல்லலாம். லோடு அடிக்கிறவன், வலை இழுக்கிறவன் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

தாலி உண்டா, இல்லையா?

கல்யாணத்தைப் பற்றி இந்தச் சபைகளின் போதனை கறாரானது. அது தேவனுக்கு முன்பாகச் செய்யும் உடன்படிக்கை. விசுவாசி விசுவாசியைத்தான் கட்டவேண்டும். 'அந்நிய நுகம்' கூடாது. ஜாதகம், முகூர்த்தம் எதுவும் கிடையாது. சில சபைகளில் நகையும் பூவும் இல்லை, தாலிகூட இல்லை. வெறும் கழுத்தோடு பெண் வீடு திரும்பினால் தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அவள் அதையும் சகித்துக்கொள்கிறாள்.

தாலிச் சண்டை இன்று நேற்று வந்ததல்ல. போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704-ல் பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியக்கூடாது என்று தடை போட்டார். சிலுவையோ மாதா உருவமோ பொறித்த தாலி என்றால் சரி என்றார். இன்றைக்கும் பல தமிழ்ச் சபைகளில் சிலுவைத் தாலி கட்டுகிறார்கள். பெந்தெகொஸ்தே பக்கம் போனால் அதுவும் வேண்டாம் என்பவர்கள் உண்டு.

தாலி கட்டுவதும் விடுவதும் அவரவர் விசுவாசம். அதில் நமக்கு வழக்கில்லை. வழக்கு வேறு இடத்தில் இருக்கிறது.

1872-ம் வருஷத்துச் சட்டம்

மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலும் போதும், அந்தக் கல்யாணம் 1872-ம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி நடக்கவேண்டும். நடத்தி வைப்பவருக்கு அதிகாரம் இருக்கவேண்டும். பிஷப் கையால் குருப்பட்டம் பெற்ற கத்தோலிக்க, சி.எஸ்.ஐ. குருமார்களுக்கு அந்த அதிகாரம் தானாகவே உண்டு. மற்ற சபைப் போதகர் என்றால் மாநில அரசு கொடுத்த லைசென்ஸ் வேண்டும். அரசாங்கத்தின் திருமணப் பதிவாளரும் நடத்தி வைக்கலாம்.

நோட்டீஸில் தப்பு, நேரத்தில் தப்பு, ரிஜிஸ்தரில் எழுதியதில் தப்பு இதையெல்லாம் சட்டம் மன்னித்துவிடும். அதிகாரம் இல்லாதவர் நடத்தினால் மட்டும் மன்னிப்பு இல்லை. கல்யாணமே செல்லாது என்கிறது 4-வது பிரிவு. நடத்தியவருக்குப் பத்து வருஷம் வரை ஜெயில் என்கிறது 68-வது பிரிவு.

மாடிச் சபைப் பாஸ்டர்கள் எல்லாருமே லைசென்ஸ் இல்லாதவர்கள் என்று சொல்லமாட்டேன். வைத்திருப்பவர்கள் உண்டு, கேட்டால் பெருமையாக எடுத்துக் காட்டுவார்கள். இல்லாதவர்கள்தான், "பரலோகத்தில் பதிவாகிவிட்டது, பூமியில் எதற்கு?" என்று சிரித்து மழுப்புவது.

பூமியில் எதற்கு என்றால், இதற்குத்தான். துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் விபத்தில் இறந்துபோகிறார் என்று வையுங்கள். பி.எஃப்., பென்ஷன், நஷ்டஈடு எல்லாம் வரவேண்டும். மனைவி தாலுகா ஆபீசுக்கு வாரிசு சான்றிதழ் கேட்டுப் போகிறாள். கல்யாணத்துக்கு என்ன ருசு? நாலு போட்டோ, ஒரு அழைப்பிதழ். புருஷனின் அண்ணன் தம்பி எவனாவது "இவள் சட்டப்படி பெண்டாட்டியே இல்லை" என்று ஒரு மனுக் கொடுத்துவிட்டால் போச்சு. நீண்டகாலம் சேர்ந்து வாழ்ந்ததை வைத்துக் கல்யாணம் என்று அனுமானிக்க கோர்ட்டுக்கு வழி உண்டுதான். ஆனால் அதற்கு வக்கீல் வேண்டும், வருஷங்கள் வேண்டும். அவளிடம் இரண்டும் இல்லை.

திருவொற்றியூர்க்காரர்களுக்குச் சங்கிலியார் கதை தெரியும். சுந்தரர் மகிழ மரத்தடியில் "உன்னைப் பிரியேன்" என்று சத்தியம் பண்ணினார். ஊர் எல்லை தாண்டியதும் கண் போயிற்று. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. இந்தக் காலத்தில் சத்தியம் மீறுகிற புருஷன்களுக்குக் கண் போவதில்லை. சங்கிலிக்குச் சாட்சியாக ஒரு மரமாவது இருந்தது.

சாதிச் சான்றிதழ் சங்கடம்

பாஸ்டர் லைசென்ஸ் வைத்திருந்தாலும் சில குடும்பங்கள் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடத் தயங்குகின்றன. இதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள்.

1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவுப்படி, கிறிஸ்தவரானால் ஆதிதிராவிடர் பட்டியலில் இடமில்லை. சீக்கியருக்கு 1956-ல் வழி விட்டார்கள், பௌத்தருக்கு 1990-ல் விட்டார்கள். கிறிஸ்தவருக்கு இல்லை. சென்னை ரோட்டோரத்தில் செருப்பு தைத்த ஒரு கிறிஸ்தவத் தொழிலாளி, இந்துத் தொழிலாளிகளுக்குக் கிடைத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கும் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 1985-ல் அவர் தோற்றார். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரும் இதே விஷயத்தில் தோற்றார். பட்டியலில் சேர்க்கச் சொல்லி 2023 ஏப்ரலில் தமிழக சட்டசபை போட்ட தீர்மானம் டெல்லிக்குப் போயிருக்கிறது. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பி.சி. பட்டியலில் இருக்கிறார்கள், எஸ்.சி. சலுகைக்கு அது ஈடாகாது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவர், காகிதத்தில் இந்து. கல்யாணம் சபையில், பதிவு மட்டும் இந்து திருமணச் சட்டத்தில், நடக்காத சடங்கை நடந்ததாக எழுதி. பிள்ளையின் ஸ்காலர்ஷிப்பை நினைத்துச் செய்கிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் இந்தப் பொய் மேல் நிற்கிற கல்யாணம் எந்த நிமிஷமும் சரியும். ஆந்திராவில் ஒரு கத்தோலிக்கர் தன்னை இந்து என்று சொல்லி 1996-ல் கோயிலில் ஒரு இந்துப் பெண்ணுக்குத் தாலி கட்டினார்; இந்துச் சட்டத்தில் பதிவும் ஆனது. இருவரும் இந்துவாக இருந்தால்தான் அந்தச் சட்டம் பொருந்தும், இந்தக் கல்யாணம் செல்லாது என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அங்கே விடுதலை கேட்டது ஏமாந்த பெண். இங்கே கழற்றிவிட நினைக்கும் புருஷன் கையில் அதே தீர்ப்பு கிடைத்தால்?

இந்தத் தொல்லை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. புரோகிதரும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம் என்று நடந்த சுயமரியாதைக் கல்யாணம் செல்லாது என்று 1950-களில் சென்னை ஐகோர்ட்டு சொன்னது. 1967-ல் அண்ணா ஆட்சிக்கு வந்து, பழைய கல்யாணங்களுக்கும் சேர்த்துச் சட்டம் போட்டுக் காப்பாற்றினார். அந்தப் பிரிவு இந்துக்களுக்கு மட்டும். சபைக்காரர்களுக்கு அப்படி ஒரு கதவு யாரும் திறக்கவில்லை.

பாஸ்டர்கள் சர்க்கார் ஆபீசுக்குப் போகப் பயப்படுவதற்கு 2002-ம் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. அந்த வருஷம் ஜெயலலிதா கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டத்தில், மாற்றியவர் கலெக்டருக்குத் தகவல் தரவேண்டும் என்று இருந்தது. 2004-ல் அவரே வாபஸ் வாங்கிவிட்டார். பயம் மட்டும் வாபஸ் ஆகவில்லை. ஆனால் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13-ம் அதிகாரத்தை இவர்கள்தான் மேடையில் பிரசங்கிக்கிறார்கள்!

என்ன செய்யலாம்?

அழைப்பிதழ் அடிக்கும் முன்பே பாஸ்டரிடம் லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது அவிசுவாசம் இல்லை. லைசென்ஸ் இல்லையென்றால் பதிவாளரிடம் முதலில் முடித்துவிட்டு, பிறகு சபையில் ஆசீர்வாதம் வாங்குங்கள். கல்யாணம் எந்த முறையில் நடந்தாலும், 2009-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் ஆபீசில் பதியவேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள்.

ஏற்கெனவே கல்யாணம் ஆகி, குழந்தை குட்டியோடு இருப்பவர்களுக்கும் வழி உண்டு. 1954-ம் வருஷத்துத் தனித் திருமணச் சட்டத்தின் 15-வது பிரிவு. சேர்ந்து வாழ்ந்து வரும் தம்பதி மனுக் கொடுத்தால், 30 நாள் நோட்டீஸ் போட்டு, ஆட்சேபணை இல்லையென்றால் பதிவு செய்து கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கும் சட்டப் பாதுகாப்பு வரும். ஒன்று மட்டும்: பதியும்போது இருவருக்கும் 21 வயது முடிந்திருக்கவேண்டும். பத்தொன்பதில் கட்டிக்கொடுத்த பெண் இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்கவேண்டியதுதான்.